மண்ணெண்ணெய் வெஸ்பா

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றில், மிஸ்டர் ஒஸ்வால்டின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் குடியிருந்தார் சிவபாதசுந்தரம். நல்ல மனிதர், ஒருவர் சோலிக்கும் போகாதவர், ஆனால் பெட்ரோலில் ஓடுகிற எதிலும் ஏறமாட்டார். ரயிலில் ஏறுவார், அது டீசல். பஸ்ஸில் ஏறுவார், அதுவும் டீசல். ஓட்டோவைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார். கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகக் கார் அனுப்பினார்கள். அவர் குனிந்து டிரைவரிடம் "பெட்ரோலா, டீசலா?" என்று விசாரித்தார். பெட்ரோல் என்றதும் மனைவியை ஏற்றி அனுப்பிவிட்டு, தான் ரயிலில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து பட்டுவேட்டியோடு வேர்க்க விறுவிறுக்க நடந்து போய்ச் சேர்ந்தார். அப்போது மண்டபத்தில் கடைசிப் பந்தியின் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி பாலேஸ்வரி அன்று மண்டபத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பொய் சொன்னாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. அவள் கணக்கு ரீச்சர். பாமன்கடை, தெஹிவளை, களுபோவில என்று வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பவள். வாய் கொஞ்சம் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. புருஷனுக்கு ஏன் இந்த விசர் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மற்றவர்களிடம் அவரை விட்டுக்கொடுக்க மாட்டாள். வீட்டுக்கு வந்து அவரிடம் பேசவேண்டியதைப் பேசுவாள், அது வேறு விஷயம்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் சிவபாதசுந்தரம் நிலத்தில் கால் வைக்காத மனிதர். நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிற வேலை, வெளிர்நீல வெஸ்பா ஸ்கூட்டர், அதில் பின்னால் பாலேஸ்வரி. காலிமுகத்திடல், கல்கிசை, மழை வந்தால் நனைந்துகொண்டு களுத்துறைப் பாலம் வரைக்கும்கூடப் போவார்கள். எண்பத்திமூன்றாம் ஆண்டு ஆடி மாதம், கலவரம் தொடங்கிய அன்று, கந்தோரிலிருந்து திரும்பி வந்தவரைப் பம்பலப்பிட்டியில் ஒரு கூட்டம் மறித்தது. அவருடைய சிங்களம் சிங்களவரையே ஏமாற்றும் சிங்களம். அதனால் ஆள் தப்பினார். ஸ்கூட்டர் டாங்கிலிருந்த பெட்ரோலை மட்டும் வாளியில் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். வெறும் டாங்கோடு ஸ்கூட்டரை வீட்டுக்குத் தள்ளி வரும்போது திரும்பிப் பார்த்தார். மறித்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த துணிக்கடை எரிந்துகொண்டிருந்தது.

"கொஞ்சப் பெட்ரோல்தான் எடுத்தவங்கள்," என்றார் வீட்டுக்கு வந்து. அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்கூட்டரை மிஸ்டர் ஒஸ்வால்டின் பின்வளவுக் கொட்டிலுக்குள் விட்டு, படங்குத் துணியால் மூடிவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து கந்தோருக்கு ரயிலில் போனார். பென்ஷன் எடுத்தபிறகு ரயிலும் நின்றது. இப்போது காலையில் சந்தை, மாலையில் கடற்கரைத் தண்டவாளம் வரை ஒரு நடை, மிச்ச நேரமெல்லாம் பத்திரிகை. ஒரே பத்திரிகையைக் காலையில் ஒருமுறையும் பின்னேரம் ஒருமுறையும் வாசிப்பார். அந்த மனிதர் கண்முன்னாலேயே சிறுத்துக்கொண்டு போவதைப் பார்க்கப் பாலேஸ்வரிக்குப் பொறுக்காது.

இப்படியே காலம் போய்த் தொண்ணூற்றேழாம் ஆண்டு வந்தது. நகரத்தில் எங்கே எப்போது எது வெடிக்கும் என்று தெரியாத காலம். தனியே நிற்கிற சைக்கிளைக் கண்டாலும் சனம் சுற்றி நடந்து போகும். ஒரு காலை மிஸ்டர் ஒஸ்வால்ட் பின்வாசலில் வந்து நின்றார். பறங்கி மனிதர், கட்டைக் காற்சட்டை, தமிழை அரைவாசி தெரிந்துகொண்டு முழுதாகப் பேசுபவர்.

"மிஸிஸ் சிவா, பொலிஸ் வந்து சொல்லிட்டுப் போறான். ஓடாத வாகனம் ஒண்ணும் வளவுல வைக்கக் கூடாதாம். ஓடணும், இல்லாட்டி போகணும். ஞாயிற்றுக்கிழம திரும்ப வருவானாம்."

சிவபாதசுந்தரம் பத்திரிகையை இறக்காமலே சொன்னார். "பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் குடுத்துவிடும்."

அவர் சொன்ன விதம்தான் பாலேஸ்வரியைச் சுட்டது. பழைய சட்டையொன்றைக் கொடுக்கச் சொல்வதுபோலச் சொன்னார். இந்த ஸ்கூட்டர் போனால், இந்த மனிதர் இனி ஒருநாளும் வெளியில் வரமாட்டார் என்று அவளுக்கு அந்த நிமிஷம் நிச்சயமாகத் தெரிந்தது. கொட்டிலுக்குள் ஒரு ஸ்கூட்டர் நிற்கும் வரைக்கும்தான் என்றாவது அதில் ஏறுவார் என்ற நினைப்பாவது மிச்சம்.

"இரும்புக்காரனும் வேண்டாம் கரும்புக்காரனும் வேண்டாம்," என்றாள். "அது ஓடும்."

"பெட்ரோல் இந்த வளவுக்குள்ளை வராது," என்றார் பத்திரிகை.

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. ஆனால் பாலேஸ்வரிக்குக் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அவளுடைய தம்பி நாகேந்திரம்.

நாகேந்திரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை பார்த்தவன். வாழ்க்கையில் ஒரு பஸ் இன்ஜினையும் தொட்டதில்லை, ஆனால் தொட்டவர்களைத் தினமும் பார்த்தவன். அது போதாதா? அதோடு யாழ்ப்பாணத்தில் பெட்ரோலுக்குத் தடை விழுந்த வருஷங்களில் அங்கே உயிரோடு இருந்த ஆண்பிள்ளை எல்லோரும் அரை மெக்கானிக்தான். கார்பரேட்டருக்குள் நாலு துளி தின்னரோ பெட்ரோலோ விட்டு உதைத்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் முதல் பிரேத ஊர்வலம் வரை எல்லாம் மண்ணெண்ணெய் மணத்தோடுதான் நடந்தன. அக்கா விஷயத்தைச் சொன்னதும் நாகேந்திரத்தின் முகம் மலர்ந்தது. கொழும்புக்கு வந்த நாள் முதல் எல்லோரும் அவனுக்குத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் முதன்முறையாக அவனுக்குத் தெரிந்த ஒன்று வந்திருக்கிறது.

"அத்தான், பெட்ரோல்தானே கூடாது?" என்று நேரே போய்க் கேட்டான். "மண்ணெண்ணை பெட்ரோல் இல்லைத்தானே?"

சிவபாதசுந்தரம் கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்த்தார். பிறகு பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதைச் சம்மதம் என்று பாலேஸ்வரி எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து கிடைத்த மற்றச் சம்மதங்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

படங்கைத் தூக்கியபோது இரண்டு பேருக்கும் கொஞ்சம் மனம் விட்டுப்போனது உண்மை. கடற்காற்று பெயின்டைத் தின்று, மிச்சத்துக்குத் துருவைப் பூசியிருந்தது. டயர் இரண்டும் நிலத்தோடு தட்டையாகிக் கிடந்தன. இன்ஜின் மூடியைத் திறந்ததும் ஒரு எலிக்குடும்பம் பழைய பத்திரிகைத் துண்டுகளைப் போட்டுவிட்டு ஓடியது. நாகேந்திரம் உதைகாலை உதைத்தான். அது அசையவில்லை. ஏறி நின்று உதைத்தான். அவன்தான் அசைந்தான்.

"பிஸ்டன் இறுகிப்போச்சு," என்றான் பெரிய டாக்டர் மாதிரி. "எண்ணை விட்டு ஊறவிட வேணும்."

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் அக்காவின் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயைக் கேட்டுக் கேள்வியில்லாமல் ஊற்றினான். அவள் குளியலறையில் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தபோது அது வெஸ்பாவின் வயிற்றுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் கியரில் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினார்கள். ஆட்ட ஆட்ட ஒரு முனகலோடு பிஸ்டன் இளகியது. அக்காவும் தம்பியும் வளவுக்குள் கையைத் தட்டிக்கொண்ட சத்தத்தில் மிஸ்டர் ஒஸ்வால்டின் நாய் குரைத்தது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பாமன்கடையில் டயர் ஒட்டுகிற நிலாம் பழைய டயர் இரண்டும் புது டியூப் இரண்டும் கொடுத்தான். பிளக்கைத் தேய்த்துத் துடைத்தார்கள். டாங்குக்குள் சின்னக் கற்களைப் போட்டுக் குலுக்கித் துருவைக் கழற்றினார்கள். கார்பரேட்டரைக் கழற்றித் தின்னரில் ஊறப்போட்டபோது அதிலிருந்து சீனிப்பாணி மாதிரிக் கரும்பசை வந்தது. அதற்குள் இருக்கும் பித்தளைத் துளைக்குள் பாலேஸ்வரியே மெல்லிய கம்பி விட்டு எடுத்தாள். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசித்துளை வழியாகக் கடலின் ஒரு துணுக்குத் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதற்கிடையில் உள்ளே இருந்து சில குரல்கள் வரத் தொடங்கியிருந்தன. யாரையும் பார்த்துச் சொல்வதல்ல, பத்திரிகைக்குச் சொல்வது.

"சோக்கை இழுக்காமல் உதைச்சால் விடியவிடிய உதைக்கலாம்."

இன்னொரு தரம்: "கிளச் கேபிளுக்கு எண்ணை விடாமல் இழுத்தால் அறுந்துதான் போகும்."

பாலேஸ்வரி ஒவ்வொன்றையும் கேட்டும் கேளாததுபோல் இருந்தாள். ஆனால் தம்பியின் விலாவில் இடித்தாள். அத்தானின் காதுகள் ஜன்னலுக்கு வெளியில்தான் இருக்கின்றன என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை காலை நல்ல வெயில். வளவு முழுவதும் மணல் என்பதால் ஸ்கூட்டரை ஒழுங்கைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டாங்குக்குள் அரைப் போத்தல் மண்ணெண்ணெய், அதோடு கொஞ்சம் இன்ஜின் ஓயில். நாகேந்திரம் கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தல் ஒன்றில் தின்னரை நிரப்பிக் கொண்டு வந்திருந்தான். அதைக் கார்பரேட்டர் வாய்க்குள் பீச்சி, உதைத்தான். ஒன்றுமில்லை. பீச்சி, உதைத்தான். ஒரு தும்மல். மூன்றாவதோ நாலாவதோ தரம் இன்ஜின் பெரிதாக ஒரு இருமல் இருமிவிட்டு, ஓடத் தொடங்கியது.

ஓடியது என்றால் உலகமே அதிர ஓடியது. தேங்காயெண்ணெய், தின்னர், மண்ணெண்ணெய், எலிக்கூட்டின் மிச்சம் எல்லாம் ஒன்றாக எரிந்து, பின்னால் குழாயிலிருந்து வெள்ளைப் புகை புறப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இது காற்றோடு வயல்வெளிக்குப் போயிருக்கும். இங்கே இரண்டு பக்கமும் மதில். புகைக்குப் போக வழியில்லை. ஒழுங்கையை நிரப்பிக்கொண்டு, பெரிய தெருவான காலி வீதியை நோக்கி ஏறியது.

"ஸ்டார்ட் வந்திட்டுது அக்கா! வந்திட்டுது!" என்று நாகேந்திரம் புகைக்குள்ளிருந்து கத்தினான். ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. முறுக்கினான். புகை இரண்டு மடங்கானது.

மேலே சந்தியில் யாரோ "பொம்பே! குண்டு!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். கடைகளின் இரும்புக் கதவுகள் தடதடவென்று இறங்கின. ஓட்டோக்காரர்கள் ஓட்டோவை விட்டுவிட்டு ஓடினார்கள். மூன்றாம் வீட்டு மாமி நைட்டியோடு மீன்சட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினாள். மீனை ஏன் காப்பாற்றினாள் என்று அவளிடம் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பாலேஸ்வரி "நிப்பாட்டு! நிப்பாட்டடா!" என்று கத்தினாள். பிளக் வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும் என்று நாகேந்திரத்துக்கு ஞாபகம் வர நேரமெடுத்தது. சத்தம் நின்றபோது, கலைந்துகொண்டிருந்த புகைக்குள்ளிருந்து மூன்று துவக்கு முனைகள் தெரிந்தன.

சந்தியிலிருந்த சோதனைச் சாவடியிலிருந்து இரண்டு இராணுவ வீரர்களும் ஒரு பொலிஸ் சார்ஜன்டும். நாகேந்திரம் முகமெல்லாம் கரியோடு, கையில் மருந்துப் போத்தலோடு நின்றான். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

சார்ஜன்ட் டாங்கின் மூடியைத் திறந்து மோந்தார். முகம் மாறியது.

"பூமிதெல்," என்றார். மண்ணெண்ணெய். கொழும்பில் மூலைக்கு மூலை பெட்ரோல் செட் இருக்கும்போது எவனாவது மண்ணெண்ணெயை வாகனத்துக்கு விடுவானா? விடுகிறவன் எங்கிருந்து வந்தவன் என்று சார்ஜன்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நாற்றமே நாகேந்திரத்தின் ஊர், கிராமம், வந்த நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அக்காவும் தம்பியும் எத்தனையோ விஷயம் யோசித்தார்கள், இதை யோசிக்கவில்லை. ஊரில் எல்லோரும் செய்கிற ஒன்று இங்கே ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் என்று எப்படி யோசிப்பது?

நாகேந்திரத்துக்குத் தெரிந்த சிங்களம் இரண்டே வார்த்தை. "ஓவ் மாத்தயா," ஓம் ஐயா. பயம் வந்தால் அதைத்தான் சொல்வான்.

"வடக்கிலிருந்தா வந்தாய்?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

"ஓவ் மாத்தயா."

"இது அங்கே பழக்கிவிட்டதா?"

"ஓவ் மாத்தயா."

"யார் பழக்கினது? அவர்களா?"

"ஓவ் மாத்தயா."

பாலேஸ்வரி இடையில் புகுந்தாள். அவளுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம், கத்தரிக்காய்க்கு விலை பேசப் போதும், தம்பியைக் காப்பாற்றப் போதாது. பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கு மாத்தயா, நல்ல பிள்ளை மாத்தயா என்று தமிழும் சிங்களமுமாகக் கலந்து கெஞ்சினாள். அந்த நாட்களில் விசாரிக்க என்று கூட்டிப்போகிறவர்கள் பின்னேரம் வருவார்களா, வருஷம் கழித்து வருவார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஸ்கூட்டரைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு அழுகை வந்தது. புருஷனை வெளியில் எடுக்கப் போய்த் தம்பியை உள்ளே போட்டுவிட்டோமே என்று நினைத்தாள்.

அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. நல்ல சுத்தமான சிங்களம், வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி.

"சார்ஜன்ட், அவனுக்கு உங்கள் பாஷை தெரியாது. என்னைக் கேளுங்கள். ஸ்கூட்டர் என்னுடையது."

சிவபாதசுந்தரம் சாரத்தோடு ஒழுங்கையில் நின்றார். கையில் பத்திரிகை இல்லை.

"மண்ணெண்ணெய் எதற்கு?" என்றார் சார்ஜன்ட்.

"பெட்ரோல் ஊற்ற நான்தான் விடவில்லை."

"ஏன்?"

சிவபாதசுந்தரம் சொன்னார். எண்பத்திமூன்று, பம்பலப்பிட்டி, வாளி, துணிக்கடை. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். இராணுவ வீரர்கள் இரண்டு பேரும் சின்னப் பையன்கள், அந்த ஆடி மாதத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். ஒருவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். சார்ஜன்டின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் அந்த வருஷம் எங்கே நின்றாரோ, என்னத்தைப் பார்த்தாரோ, அதை யார் கண்டது.

"எனக்குக் கதை வேண்டாம்," என்றார் கடைசியில். "ஸ்கூட்டர் என்றால் பெட்ரோலில் ஓடவேண்டும். தள்ளிக்கொண்டு போய் செட்டில் பெட்ரோல் அடித்து, ஓட்டிக்கொண்டு என் சாவடியைத் தாண்டிப் போ. ஓடினால் அது ஸ்கூட்டர்தான் என்று நம்புகிறேன். அதுவரைக்கும் இவன் என்னோடு இருப்பான்."

பாலேஸ்வரி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் திரும்பி வீட்டுக்குள் போனார். போனவர் வரவில்லை. மதிலோரம் நின்ற மிஸ்டர் ஒஸ்வால்ட் தொண்டையைக் கனைத்தார். போச்சு, மனிதர் கதிரையில் போய் இருந்துவிட்டார், என்று அவள் நினைத்தாள். அவர்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் முன்பு ஒருநாளும் வந்ததில்லை.

வந்தார். காற்சட்டை, சப்பாத்து, சேட்டுப் பையில் லைசென்ஸ். பெல்ட் கடைசித் துளையையும் தாண்டிப் போயிருந்தது, அவ்வளவுக்கு மெலிந்திருந்தார். ஹாண்டிலைப் பிடித்து, ஸ்டாண்டைக் காலால் தட்டினார். "பின்னாலை பிடிச்சுத் தள்ளும்," என்றார்.

தள்ளினாள். காலி வீதி ஏற்றத்தில் ஒரு ஸ்கூட்டரைத் தள்ளுவது ஐம்பதை நெருங்கும் கணக்கு ரீச்சருக்கு ஏற்ற வேலையல்ல. இரும்புக் கதவுகளைத் தூக்கிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவளிடம் படிக்கும் பெண்பிள்ளை ஒன்று பஸ்ஸுக்குள்ளிருந்து "ரீச்சர்!" என்று கை காட்டியது. பாலேஸ்வரியும் ஒரு கையை எடுத்துக் காட்டினாள். சாவடியில் மணல் மூட்டைமேல் நாகேந்திரத்தை இருத்தியிருந்தார்கள். கரி முகத்தில் கண் இரண்டும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் தள்ளினாள், பார்த்தால் அழுதுவிடுவாள்.

செட்டில் சிவபாதசுந்தரம் சீட்டைத் தூக்கினார். மூடியைத் திறந்தார். எவ்வளவு என்று பம்ப்காரன் சிங்களத்தில் கேட்டான். அவர் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். ஒரு லீட்டர் என்று சொல்லப் பாலேஸ்வரி வாயெடுத்தாள்.

"நிரப்பு," என்றார் அவர்.

பம்ப்காரன் ஓயிலை ஊற்றிவிட்டு, குழாயை வைத்தான். பெட்ரோல் மணம் எழும்பியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கும் முட்டத்தான் இருந்தது. காலமைதான் நிரப்பினனான்."

"கொஞ்சமெண்டெல்லே எனக்குச் சொன்னனீங்கள்?"

"கொஞ்சமில்லை. அவங்கள் பறிக்கவுமில்லை, பாலேஸ். கேட்டாங்கள். நான் இறங்கி, சீட்டைத் தூக்கி, இந்தக் கையாலை மூடியைத் திறந்து குடுத்தனான். சிரிச்சுக்கொண்டு குடுத்தனான். ‘எடுங்கோ மல்லி’ எண்டு தம்பி முறை வைச்சுச் சொன்னனான்."

இத்தனை வருஷமும் ஒரே பாயில் படுத்த மனிதர் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். பாலேஸ்வரிக்கு அவரைக் கட்டிப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. காலி வீதி, பெட்ரோல் செட், பம்ப்காரன். கட்டிப் பிடிக்க வழியில்லை. அதனால் எப்போதும் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"நீங்கள் அண்டைக்கு அந்த மூடியைத் திறந்தபடியால்தான் நான் இண்டைக்கு உந்தச் சனியனைத் தள்ளிக்கொண்டு வாறன். இல்லாட்டி வெள்ளைச் சீலையோடை எங்கையோ ஒரு மூலையிலை இருந்திருப்பன். கடைக்கு நெருப்பு வைச்சவன் வைச்சவன்தான். எனக்கு உங்களிலை ஒரு குறையுமில்லை. மூடியைப் போடுங்கோ, தம்பி அங்கை மூட்டையிலை இருக்கிறான்."

அவர் அவளைப் பார்த்தார். மூடியைப் போட்டு இறுக்கினார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்து மாட்டிக்கொண்டார். சோக்கை இழுத்தார். முதல் உதைக்கு இருமியது, இரண்டாவது உதைக்குப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகைத்தது, பிறகு சத்தம் ஒரே சீராக வந்தது. பம்ப்காரன்கூடத் தலையை ஆட்டினான்.

"இஞ்சாரும், ஏறும்."

ஏறினாள். சீலையை ஒதுக்கி, பக்கவாட்டில் இருந்து, அவருடைய இடுப்பைப் பிடித்தாள். இடுப்பில் பிடிக்க முன்போல ஒன்றும் இல்லை, எலும்புதான் இருந்தது. சோதனைச் சாவடிக்குக் கிட்ட வந்ததும் வேகத்தைக் குறைத்தார். சார்ஜன்ட் ஸ்கூட்டரைப் பார்த்தார், புகைக்குழாயைப் பார்த்தார், பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை அசைத்தார். மணல் மூட்டையிலிருந்து நாகேந்திரத்தை எழும்பச் சொல்லிவிட்டார்கள். அவன் எழும்பி நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டி, "அத்தான், சோக்கை உள்ளை தள்ளுங்கோ!" என்று கத்தினான்.

அத்தான் தள்ளினார். ஒழுங்கை வந்தது. அவர் திரும்பவில்லை.

"ஒழுங்கை தாண்டிப் போட்டுது," என்றாள் பாலேஸ்வரி. "எங்கை போறம்?"

"டாங்க் முட்ட இருக்கு. நீர்தான் சொல்லும்."

இத்தனை வருஷமாக அவரோடு அங்கே கூட்டிப்போ, இங்கே கூட்டிப்போ என்று மனதுக்குள் சண்டை போட்ட பெண்ணுக்கு, இப்போது ஓர் இடமும் வாயில் வரவில்லை. முகத்தை அவருடைய முதுகில் வைத்துக்கொண்டாள்.

"நேரை போங்கோ," என்றாள்.